பலகை ஏன் தொங்குது? வீட்டு அலமாரி பற்றிக் கேள்வி பதில்

மதுரையில 20 வருஷமா தச்சுப் பட்டறை வச்சிருக்கேன். அலமாரி, ஷெல்ஃப், பரண் எதைப் பத்தியும் கேளுங்க. வாஸ்துவும் விலையும் மட்டும் வேண்டாம்.

திருச்சியிலிருந்து: அண்ணே, ஹாலில் 5 அடி நீளத்துக்கு ஒரே பலகையா புத்தக ஷெல்ஃப் போட்டோம். 18 மி.மீ. பிளைவுட்தான். ஆறே மாசத்துல நடுவுல தொங்குது. மட்டமான பிளைவுட்டைக் கொடுத்து ஏமாத்திட்டாங்களா?

பிளைவுட் மேல பழி போடாதீங்க தம்பி, தப்பு நீளத்துல இருக்கு. ஒரே மாதிரி நெருக்கி அடுக்கினா, நீளம் ரெண்டு மடங்காகும்போது தொய்வு 16 மடங்காகும். பேச்சுக்கு, 2 அடிப் பலகை ஒரு நூல் தொய்ஞ்சா, அதே பலகை 4 அடியில 16 நூல். அதாவது 2 அங்குலம்! புத்தகத்தோட எடையை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. ஒரு மீட்டருக்கு 20லிருந்து 30 கிலோ வரும். உங்க பலகை மேல பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் ராத்திரி பகலா படுத்திருக்கான்னு வச்சுக்கோங்க.

பலகையைத் தூக்கிப் போட வேண்டாம். புத்தகத்தை இறக்கிட்டு, வளைஞ்ச பக்கம் மேல வர்ற மாதிரி தலைகீழாத் திருப்பிப் போடுங்க. நடுவுல செங்குத்தா ஒரு தடுப்பு கொடுங்க. தடுப்பு கண்ணை உறுத்தும்னா, முன் விளிம்புல ஒன்றரை அங்குல உயரத்துக்கு மரப்பட்டி அடிச்சு, பின் விளிம்பைப் பின்பலகையோட திருகி முடுக்குங்க. இனிமே போடுறவங்களுக்கு: புத்தகம்னா 18 மி.மீ. பிளைவுட்டுக்கு இரண்டரை அடி, மரத்துகளை அழுத்திச் செய்யுற பார்ட்டிகிள் போர்டுக்கு 2 அடி. அதுக்கு மேல போனா தாங்கல் வேணும்.

ஈரோட்டிலிருந்து: சார், மூன்றரை அடி போடலாமா?

மேல இருக்கிற பதிலைப் படிங்க.

சென்னையிலிருந்து: புது அபார்ட்மெண்ட். வெளியே தாங்கி தெரியாத ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் மாட்டினோம். ஒரே வாரத்துல ஸ்க்ரூ, பிளக், சுவர்ப்பொடி எல்லாம் சேர்ந்து கீழ வந்துடுச்சு.

துளை போடும்முன்னே சுவரைத் தட்டிப் பாருங்க. இதை நான் சொல்லாத ஆள் இல்ல. பூச்சு மட்டுமே அரை அங்குலத்துக்குக் குறையாம இருக்கும், அது எதையும் தாங்காது. பிளக் பூச்சைத் தாண்டி உள்ளே செங்கல்லைப் பிடிக்கணும். துளை போடும்போது சிவப்புப் பொடி வந்தா செங்கல். மாவு மாதிரி வெளுத்த பொடி நிறைய வந்தா ஏஏசி பிளாக்கா, அதாவது எடை குறைஞ்ச காற்றறை கான்கிரீட் கல்லா இருக்கலாம். அதுல டிரில் மெஷினோட இடிக்கிற ஹேமர் விசையை அணைச்சுட்டுத் துளை போட்டு, அதுக்குன்னே விக்கிற பிளக்கை வாங்கி மாட்டுங்க. ஷெல்ஃப் சுவரை விட்டு எவ்வளவு வெளிய நீட்டுதோ, ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்குற விசையும் அவ்வளவு. ஃப்ளோட்டிங்ல அழகுப் பொருள் வைங்க, அகராதி வைக்காதீங்க.

திருநெல்வேலியிலிருந்து: எங்க தாத்தா வீட்டுல கடப்பா கல் அலமாரி 50 வருஷமா நிக்குது. தொங்கல் இல்ல, கரையான் இல்ல. எதுக்கு இந்தப் பிளைவுட் வியாபாரம்?

பாதி உண்மை. கல் தொய்யாது, ஆனா நேரம் வந்தா முன்னறிவிப்பு இல்லாம உடையும். 20 மி.மீ. கல் சதுர அடிக்கு 5 கிலோ வரும். கட்டும்போதே ரெண்டு பக்கச் சுவரிலும் பதிக்கணும், பின்னாடி ஆணி அடிச்சு மாட்டுற சமாச்சாரம் இல்ல.

கோவையிலிருந்து: அது மட்டுமா? புளி, எலுமிச்சை பட்டாலே கடப்பா வெளுத்துப் போகுது.

சரிதான். அது சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டா மெருகு போயிடும்.

திருநெல்வேலியிலிருந்து: வெளுத்தா வெளுக்கட்டும். பிளைவுட்டைக் கரையான் தின்னுட்டா என்ன செய்வீங்க?

கரையான் கல்லைத் தின்னாதுதான். கல்லு மேல இருக்கிற புத்தகத்தைத் தின்னும்! சுவர் விரிசல் வழியா மண்குழாய் கட்டி ஏறி வரும், கல்லுன்னு பார்த்து ஒதுங்காது. ஒரு வீட்டுல கடப்பா அலமாரியில 3 தட்டுப் புத்தகம், அட்டை மட்டும் மிச்சம், உள்ளே மண். நானே பார்த்தேன்.

புதுச்சேரியிலிருந்து: ரெண்டு பேரும் ஃபெரோசிமென்ட்டை மறந்துட்டீங்க. சிமென்ட் பலகை, ஒரு அங்குல கனம்தான், கம்பி வலை உள்ளே.

மறக்கல. நல்ல மேஸ்திரி கையில நல்ல பொருள். தண்ணி ஊத்தி ஆற விடாம அவசரப்பட்டா விரிசல்.

கோவையிலிருந்து: அப்போ ஜெயிச்சது யாரு?

மளிகை அறைக்கும் அடுப்படிக்குக் கீழேயும் கடப்பா. புத்தகத்துக்கு பிளைவுட், சுவருக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு அங்குல இடைவெளி. சண்டை முடிஞ்சது, அடுத்த கேள்விக்கு வாங்க.

தஞ்சாவூரிலிருந்து: அண்ணா, புத்தகங்களை நிறவாரியா அடுக்கினா அழகா இருக்குமா?

போட்டோவுல அழகா இருக்கும், தேடும்போது அழுகை வரும். ஒவ்வொரு தட்டிலும் மூணுல ஒரு பங்கைக் காலியா விடுங்க. எல்லாத்தையும் நிக்க வைக்காம நாலைஞ்சைப் படுக்க வச்சு, அது மேல அம்மா வீட்டுப் பித்தளைச் செம்பை வைங்க. உங்க ஊர்த் தலையாட்டி பொம்மையை விடவா கடைப் பொருள் வேணும்? ஆழத்தையும் அளந்து பாருங்க. சாதாரணத் தமிழ்ப் புத்தகம் டெமி அளவு, ஐந்தரை அங்குல அகலம்தான். 8 அங்குல ஆழம் தாராளம். 15 அங்குலம் போட்டா முன்னாடி வெற்றிடத்துல சாவிக்கொத்து, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் குடியேறும், அலமாரி போயிடும்.

சேலத்திலிருந்து: பூஜை ஷெல்ஃப் எந்தத் திசை?

வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. விளக்குக்கு நேர் மேலே மட்டும் லேமினேட் பலகை வேண்டாம், கொப்பளிக்கும்.

வேலூரிலிருந்து: வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார்.

தரையில நிக்கிற அலமாரி வாங்குங்க. கனமானதெல்லாம் கீழ்த் தட்டில. குழந்தை இருந்தா ஓனர்கிட்டச் சண்டை போட்டாவது ஒரு ஆங்கிள் (எல் வடிவ இரும்புப் பட்டை) அடிச்சுச் சுவரோட கட்டுங்க. பிள்ளைங்க கண்ணுக்கு ஷெல்ஃப் ஏணி.

திண்டுக்கல்லிலிருந்து: புத்தகத்துல ராமபாணப் பூச்சி. வேப்பிலை போட்டா போகுமா?

எங்க வீட்டிலும் போடுறதுதான். சுவர் ஓதம் நிக்காம பூச்சி போகாது. முதல்ல எங்கிருந்து தண்ணி கசியுதுன்னு பாருங்க.

கரூரிலிருந்து: 4 அடி போடலாமா சார்? புத்தகம் கொஞ்சம்தான்.

எல்லார் வீட்டிலும் முதல்ல கொஞ்சம்தான். போடாதீங்க.

ஈரோட்டிலிருந்து: அண்ணே, மூன்றரை அடி கேட்டேனே. மனைவி 6 அடின்னு சொல்றாங்க. தடுப்பு வேண்டாமாம்.

ரெண்டு பேரும் பட்டறைக்கு வாங்க, டீ வாங்கித் தர்றேன். பலகை மட்டும் வெட்டித் தர மாட்டேன்.