டார்வின் படம் எட்சிங்தானா? லென்ஸ் வைத்துப் பாருங்கள்

கேள்வி: என் தாத்தா விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். அவர் அறையில் தொங்கிய டார்வின் படத்தின் கீழ் ‘ரஜோன்’ என்ற பெயர் இருக்கிறது. எட்சிங், அதாவது அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து எடுத்த அச்சுப்படம் என்கிறார் பழம்பொருள் வியாபாரி. இது அசலா? எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பெயர் பொருந்துகிறது. 1875-இல் வால்டர் ஊலெஸ் டார்வினை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அதில் தான் சோகம் பிடித்த கிழட்டு நாய்போல இருப்பதாக நண்பர் ஹூக்கருக்கு எழுதினார் டார்வின். மகன் பிரான்சிஸுக்கோ அப்பாவின் உருவப்படங்களில் அதுதான் மிகச் சிறந்தது. அந்த ஓவியத்தைப் பார்த்து எட்சிங் செய்தவர்தான் பிரெஞ்சுக் கலைஞர் பால் ரஜோன். ஆனால் அந்த எட்சிங்கைப் புகைப்பட முறையில் நகலெடுத்து அச்சிட்டிருந்தாலும் பெயர் அதிலும் விழுந்திருக்கும்.

அதனால் பிரேமைக் கழற்றி, 10 மடங்கு லென்ஸில் தாடியைப் பாருங்கள். எட்சிங்கில் செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். ஆகவே கோட்டின் மை தாளுக்கு மேல் லேசாகப் புடைத்து நிற்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும். கோட்டின் முனை மழுங்கலாக முடியும். உளியால் செதுக்கிய கோடு என்றால் முனை கூர்ந்திருக்கும். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன் அச்சு, அதாவது புகைப்படத்தைப் புள்ளிகளாக மாற்றி அச்சிட்டது. கோட்டுக்குள்ளேயே பொடிமணல் மாதிரி துகள் தெரிந்தால் போட்டோகிராவ்யூர், அதாவது புகைப்பட முறையில் அரித்த தகட்டிலிருந்து எடுத்த அச்சு. பலரும் ஏமாறுவது இதில்தான். படத்தைச் சுற்றித் தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் அதிலும் இருக்கும் என்பதால், தடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

‘அசலா’ என்ற கேள்வி ரஜோன் காலத்திலேயே சூடாகப் பேசப்பட்டது. பழைய டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டை முன்னோடியாகக் கொண்டு எட்சிங்குக்குப் புத்துயிர் கொடுக்க 1862-இல் பாரிஸில் பதிப்பாளர் கதார் ஒரு சங்கம் தொடங்கினார். 1880-இல் லண்டனில் அறுவை மருத்துவர் சீமோர் ஹேடன் இன்னொன்று தொடங்கினார். கலைஞர் தானே கற்பனை செய்து தகட்டில் வரைவதுதான் உயர்ந்தது என்பது ஹேடனின் கட்சி. பிறர் ஓவியத்தைப் பார்த்து எட்சிங் செய்த ரஜோன் போன்றவர்களுக்கு இது அநியாயம் என்பேன். எண்ணெய் வண்ணத்தின் இருளையும் நரைத்த தாடியின் ஒளியையும் வெறும் கோடுகளில் கொண்டுவருவது சாதாரண வேலையா? லென்ஸ் சோதனையில் தேறினால் உங்களுடையது உண்மையான எட்சிங். உருவ அமைப்பு மட்டும் ஊலெஸுடையது.

விலையைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். செப்புத் தகடு சீக்கிரம் தேயாதபடி அதன் மேல் எஃகு முலாம் பூசும் முறை 1850-களிலேயே வந்துவிட்டதால் ஒரே தகட்டிலிருந்து ஏராளமான படிகள் எடுக்க முடிந்தது. ஓரத்தில் ரஜோனின் பென்சில் கையெழுத்து இருந்தால் மதிப்பு கூடும்.

எக்காரணம் கொண்டும் ஓரத்தை வெட்ட விடாதீர்கள். பழுப்புப் புள்ளிகளுக்கு வீட்டில் ப்ளீச் போடாதீர்கள். பின்பக்க ஹார்ட்போர்டை எடுத்துவிட்டு அமிலமற்ற அட்டை வையுங்கள். கண்ணாடி தாளில் படாதபடி இடையில் மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) இருக்கட்டும். வெயில் படும் சுவரும் மழையில் ஓதமேறும் சுவரும் வேண்டாம். பிறகும் சந்தேகம் இருந்தால், சென்னை லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் எட்சிங் செய்யும் கலைஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.