நன்றி நோட்டு: ஆச்சியிடம் கேட்டவை

காரைக்குடிப் பக்கம் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆச்சி, நன்றியுணர்வு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

தேவகோட்டை, ஜவுளிக்கடைக்காரர்: ஆச்சி, தினம் ராத்திரி நன்றி சொல்ல ஐந்து விஷயம் எழுதச் சொன்னார்கள். வீடு, பிள்ளைகள், ஆரோக்கியம் என்று அதையே எழுதிச் சலித்துவிட்டது.

சலிக்கத்தான் செய்யும். தினமும் எதற்கு, தம்பி? எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு வாரம் ஒருமுறை, பத்து வாரம்தான் எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. நன்றி எழுதியவர்களுக்கு வாழ்க்கைமேல் திருப்தி கூடியது, உடம்புத் தொந்தரவு குறைந்தது, உடற்பயிற்சிகூட அதிகம் செய்தார்கள்.

அப்புறம், ‘பிள்ளைகள்’ என்று எழுதினால் மனசு அசையாது. ‘வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் நெரிந்தது. பெரியவன் தானாக வந்து பில் போட்டான், நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்’ என்று எழுதுங்கள். பேரேட்டில் ‘சரக்கு வந்தது’ என்று மட்டுமா எழுதுவீர்கள்? யாரிடமிருந்து, எவ்வளவு என்பதும் இருக்குமே.

காரைக்குடி, இல்லத்தரசி: இதனால் தூக்கம் வருமா, ஆச்சி?

ஓரளவு வரும். அதே ஆய்வில், நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் 21 நாள் எழுதினார்கள். அவர்கள் கூடுதல் நேரம் தூங்கியதாகச் சொன்னார்கள். படுத்ததும் மனசு எதை அசைபோடுகிறதோ அதைப் பொறுத்தது தூக்கம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கும் சண்டையைப் படித்துவிட்டு நோட்டைத் திறந்தால் நான் பொறுப்பில்லை.

பள்ளத்தூர், மருமகள்: ஏதாவது எதிர்த்துக் கேட்டால், “இந்த வீட்டுச் சோறு தின்கிறாய், நன்றி வேண்டாமா?” என்கிறார் மாமியார்.

அது நன்றி இல்லை ஆத்தா, வாயடைப்பு. நன்றி தானாக ஊற வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோது அவர் கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தால் அதை மனசாரச் சொல்லுங்கள். உங்கள் சம்பளத்தைக் கேட்காமல் எடுத்தால் அதையும் சொல்லுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விழுங்க வேண்டியதில்லை.

புதுவயல், வாசகர்: மொய் நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோமே, அது நன்றிதானே?

அது கடமை. ஊருக்கு அது வேண்டியதுதான், நானும் தவறாமல் செய்கிறேன். ஆனால் ‘இவ்வளவு திருப்ப வேண்டுமே’ என்ற எண்ணம் பாரம். திரும்பக் கேட்காமல் செய்தவரை நினைத்தால்தான் நெஞ்சு லேசாகும்.

சிங்கப்பூர், சொந்த ஊர் கண்டனூர்: பள்ளியில் எனக்குப் பரீட்சைப் பணம் கட்டிய சார் ஊரில்தான் இருக்கிறார். இத்தனை வருஷம் கழித்துப் போய் நின்றால் அசடு வழியாதா?

வழியாது. 2018-இல் குமார், எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாயிருக்கும் என்று மிகையாகவும், அவருடைய மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்தார்கள். செலிக்மன் என்ற உளவியலாளரின் குழு 2005-இல் செய்த சோதனையிலும், கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சிதான் உடனடியாக அதிகம் ஏறியது. ஒரு மாதம் தாக்குப்பிடித்தது, பிறகு வடிந்துவிட்டது. ஆகவே இதை ஒரே தடவைச் சடங்காக்காதீர்கள். பிள்ளையார் நோன்புக்கு ஊர் வரும்போது போங்கள். சட்டை, வேட்டி எல்லாம் அப்புறம். எந்தப் பரீட்சை, எவ்வளவு ரூபாய், அது இல்லையென்றால் என்ன ஆகியிருப்பீர்கள் என்பதை ஒரு பக்கம் எழுதி அவர் முன்னால் படியுங்கள்.

திருப்பத்தூர், பெயர் வேண்டாம்: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதைச் செய்தால் நிறுத்தலாமா?

கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2021-இல் பார்த்ததில், மனச்சோர்விலும் பதற்றத்திலும் இந்தப் பயிற்சிகளின் பலன் சிறியதுதான். எழுதப் பிடித்தால் மாத்திரையோடு எழுதுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். எழுத ஒன்றும் தோன்றவில்லை என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள், அது நோயின் வேலை. டாக்டரைக் கேட்காமல் அளவை மாற்ற வேண்டாம். ராத்திரி ரொம்பத் தாங்கவில்லை என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள், அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.