லேப் ரிப்போர்ட்டை வைத்து சிறுநீரக நோய்க்குக் கோடு (குறியீட்டு எண்) போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கிளினிக்கில் மெடிக்கல் கோடராக, அதாவது டாக்டர் எழுதும் நோய்களுக்குக் குறியீட்டு எண் போடுபவராக, இருக்கிறேன். நோயாளிகள் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் (அரசின் மெடிகேர் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் வழியாகத் தரும் திட்டம்) இருப்பவர்கள். ஒரு சார்ட்டில் டாக்டர் ‘சிறுநீரகச் செயல்பாடு குறைவு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 52. “அது 3ஏ தானே, என்18.31 போடுங்கள்” என்கிறார் சூப்பர்வைசர். நாள்பட்ட சிறுநீரக நோயின் ஸ்டேஜ் 3ஏ-வுக்கான கோடு அது. போட்டால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: வரும், போடாதீர்கள். 45 முதல் 59 வரை 3ஏ என்பது சரிதான். ஆனால் எண்ணைப் பார்த்து நோயை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். உடம்பில் நீர் வற்றினாலே இஜிஎஃப்ஆர் தற்காலிகமாக இறங்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட நோய்.

“ரத்த அழுத்தத்தையும் சிறுநீரக நோயையும் நாமே முடிச்சுப் போடுகிறோமே?” என்று சூப்பர்வைசர் கேட்கலாம். டாக்டர் வேறு காரணம் எழுதாதவரை, அந்தத் தொடர்பை எடுத்துக்கொள்ள ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பு) விதியே இடம் தருகிறது, இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஐ12.9 போடுகிறோம். ஆனால் இரண்டு நோயும் டாக்டரின் குறிப்பில் இருக்க வேண்டும். எழுதாத நோயைச் சேர்க்க அந்த விதி உதவாது.

ஸ்டேஜ் 3 கோடு ஏறினால் அந்த நோயாளிக்காகக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அரசு தரும் தொகை கூடலாம். ஆகவே இது, பொய்த் தகவல் கொடுத்து அரசுப் பணம் கேட்பதைத் தண்டிக்கும் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டத்துக்குள் வரும். தெரிந்தே செய்வது மட்டுமல்ல, உண்மையா என்று பார்க்காமல் அலட்சியமாகச் செய்வதும் அதில் குற்றச்சாட்டாகும். இழப்பின் மூன்று மடங்கும், ஒவ்வொரு கிளெய்முக்கும் (பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை) தனி அபராதமும் கேட்கலாம். ‘மேலே இருப்பவர் சொன்னார்’ என்பது உங்களை முழுதாகக் காப்பாற்றாது. நேர்மையான தவறு வேறு. அதற்கு இந்தச் சட்டம் பாயாது.

சரி, என்ன செய்வது? டாக்டருக்குக் கொயரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) அனுப்புங்கள். ‘3ஏ என்று எழுதித் தாருங்கள்’ என்று கேட்கவே கூடாது. அது பதிலை நாமே சொல்லிக்கொடுப்பது. ‘இந்தத் தேதிகளில் இஜிஎஃப்ஆர் இவ்வளவு. இதற்கு உங்கள் நோயறிதல் என்ன? ஸ்டேஜ் பொருந்தினால் குறிப்பிடவும்’ என்று கேளுங்கள். டாக்டர் சேர்க்கும் குறிப்பில் அதை எழுதிய நாளின் தேதிதான் இருக்க வேண்டும். முன்தேதி போட்டால் அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

சூப்பர்வைசரின் உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பவர்) எழுத்திலேயே புகார் கொடுங்கள். இதற்காக வேலையை விட்டு நீக்கினால் மீண்டும் பணியும், நிலுவைச் சம்பளம் இரட்டிப்பாகவும் கேட்க அதே சட்டம் உரிமை தருகிறது. நோயாளிகளின் சார்ட்டை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஏற்கெனவே இப்படிப் போன கிளெய்ம்கள் இருந்தால், கூடுதலாக வந்த பணம் என்று தெரிந்த பிறகு திருப்பித் தர 60 நாள் கெடு உண்டு. அதையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.