ஓடு வேய அனுமதி

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் தக்கலைப் பக்கம். திருவனந்தபுரத்தில் கட்டடக்கலை படிக்கிறேன். திருவிதாங்கூர் அரசர்களின் பத்மநாபபுரம் அரண்மனை பற்றிய கட்டுரையில் கூரைக்கும் சாதி உண்டு என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பில் சொல்லித்தருவது வேறு. மழை அதிகம், அதனால் சரிந்த கூரை. வெக்கை அதிகம், அதனால் மரச்சட்டம் அடித்த சன்னல். கட்டடக்கலை விமர்சகர் கென்னத் ஃபிராம்ப்டனும் நிலத்தையும் வெளிச்சத்தையும் தட்பவெப்பத்தையும்தானே பேசுகிறார்? எல்லாவற்றிலும் அரசியலைத் தேட வேண்டுமா? நல்ல ஓட்டு வீட்டை இடித்துவிட்டு நம்மூர்க்காரர்கள் கான்கிரீட் பெட்டி கட்டுவது ரசனைக் குறைவுதானே?

அன்புள்ள நண்பருக்கு,

கூரை ஏன் சரிந்திருக்கிறது என்பதற்கு மழை போதுமான காரணம். அந்தச் சரிவில் ஓடு கிடந்ததா ஓலை கிடந்ததா என்பதற்கு மழை பொறுப்பில்லை. அது எல்லார் வீட்டின் மேலும்தான் பெய்தது. திருவிதாங்கூரில் ஓடு வேய அரசின் அனுமதி வேண்டும், அதற்குப் பணமும் கட்ட வேண்டும். ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில்தான் (1815–1829) அது விலக்கப்பட்டது. அப்புறமும் நாடார்கள் மாடி வைத்துக் கட்ட முடியவில்லை. குடை, செருப்பு, பொன்நகை என்று நீளும் அந்தத் தடைகளில் வீட்டின் உயரமும் ஒன்று. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு ஓடு பரவலாயிற்று என்று படித்திருப்பீர்கள். கையில் காசு இருந்தும் ஓடு போட முடியாத காலம் அதற்கு முந்தையது.

அடுத்தமுறை அரண்மனைக்குப் போனால் அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் கொஞ்ச நேரம் நில்லுங்கள். (தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு டிக்கெட் கிழிக்கிறது, 1956 எல்லைப் பிரிவினையின் மிச்சம்.) அந்த மரச்சட்டங்கள் சாய்வாக அடிக்கப்பட்டவை. காற்று வரும், வெயில் வராது. அதோடு, உள்ளே இருப்பவருக்கு வெளியே நடப்பது தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான், பாதியில் நிறுத்திவிட்டார்.

ஃபிராம்ப்டனையும் நீங்கள் பாதியாக்கிவிட்டீர்கள். 1983 கட்டுரையில் அவர் பேசியதே எதிர்ப்பின் கட்டடக்கலையைப் பற்றி. எந்த ஊரிலும் எந்த மண்ணிலும் ஒரே பெட்டியை எழுப்புவதற்கு எதிரான குரல் அது. இது அரசியல் இல்லையா? என் குறை வேறு. வட்டாரக் கட்டடக்கலை என்றதும் அதில் யாருடைய வீடு என்ற கேள்வி எழுவதில்லை. நாமும் நடுமுற்றம் வைத்த நாலுகெட்டு வீட்டையும் கொட்டாரம் எனும் அரண்மனையையும்தான் அளந்து வரைகிறோம். ஓலைப்புரையை, அதாவது ஓலைக் குடிசையை, அளக்கலாமென்றால் கறையான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு கான்கிரீட் வீட்டைப் பாருங்கள். மாடி மறுக்கப்பட்டவரின் கொள்ளுப்பேரன் வளைகுடாவில் சம்பாதித்து இரண்டு நிலை எழுப்பினால் அதை ரசனைக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மேமாதத்தில் அந்த மாடியில் படுத்தால் வெந்துபோவோம், அதுவும் உண்மை. ஆனால் மொட்டைமாடிக்கு மேலே இரும்புச்சட்டம் அடித்து ஓடு மாட்டி ‘கேரளா மாடல்’ என்கிறார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவர் முறையில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டினால் கிட்டத்தட்ட கால்பங்கு கல் மிச்சம், சுவரும் அவ்வளவாகச் சுடாது. சிக்கனமே அவருடைய அரசியல். முதலமைச்சராக இருந்த அச்சுத மேனனும் பொருளியலாளர் கே.என். ராஜும் அவரோடு நின்றது சும்மா இல்லை. என்ன செய்ய, பூசாத சுவரைப் பார்த்தால் “பணம் தீர்ந்துபோச்சா?” என்று கேட்கிற ஊர் நம்முடையது. பூச்சு இல்லாத வீட்டில் வேறு வழியில்லாமல் இருந்தவர்களுக்கு அது அழகாகத் தெரியாது.

பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் (CDS) நீங்கள் படிக்கும் ஊரிலேயே இருக்கிறது. போய்ப் பாருங்கள். அவரோடு வேலை பார்த்த கொத்தனார்கள் யாராவது கிடைத்தால், தங்கள் சொந்த வீட்டை எப்படிக் கட்டிக்கொண்டார்கள் என்று விசாரியுங்கள். பதில் எதுவானாலும் எனக்கும் எழுதுங்கள்.