காது-நரம்பியல் ஆய்வாளர் ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 40 என்றால் பெரிய ஆளா?

ராயபுரத்திலிருந்து கேட்ட தம்பிக்கு: அவருடைய கட்டுரைகளில் 40, ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. நல்ல எண்தான். ஆனால் வயது ஏற ஏற இது கூடுமே தவிரக் குறையாது.

இன்னொன்று, ஒரே கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கினாலும் இதில் ஒன்றாகத்தான் சேரும். அப்படிப்பட்ட ஒரு கட்டுரைக்கு உதாரணமாக, 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற காது ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் கண்டதைப் பாருங்கள்: பேரிரைச்சலுக்குப் பின் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, உள்காதின் நரம்பு இணைப்புகளோ திரும்பவில்லை. நம்ம வடசென்னைப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள், காது டெஸ்ட் நார்மல் என்றாலும், சந்தை இரைச்சலில் பேச்சு புரியவில்லை என்கிறார்களே, அதற்கும் இது காரணமோ என்ற ஆராய்ச்சி இன்றும் ஓடுகிறது. சரி, உங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி தேடுகிறீர்கள் என்றால், எண்ணை மட்டும் பார்க்காமல், நீங்கள் கேட்ட அந்த ஆய்வாளருடைய இரண்டு கட்டுரைகளையாவது முதலில் படியுங்கள்.