அரசு செலவு செய்கிறது என்று நம்பி பாலிசியை விட்டவருக்கு

கேள்வி: திருப்பூரில் தனியார் நிறுவன வேலை, வயது 41, சம்பளம் 58,000 ரூபாய். நாட்டின் மருத்துவச் செலவில் அரசின் பங்கு 29 சதவிகிதத்திலிருந்து 48 சதவிகிதமாக உயர்ந்துவிட்டது என்று 2024 கடைசியில் படித்தேன். பிரீமியமும் 26,000 ரூபாயைத் தொட்டதால் அம்மாவின் மருத்துவக் காப்பீட்டு பாலிசியைப் புதுப்பிக்கவில்லை. சில மாதங்களில் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. 15% வட்டியில் 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். 36 மாதத் தவணையில் 12 கட்டியிருக்கிறேன். இப்போது 67 வயது அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்ற வேண்டுமாம். “நீதானே சம்பளக்காரன், இன்னொரு 3 லட்சம் லோன் போடு” என்கிறார் அண்ணன். அவர் ஊரில் குத்தகை விவசாயம் பார்க்கிறார், வருமானம் வருடம் ஒரு லட்சத்துக்குள். அம்மா பெயர் அவர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. அரசின் செலவு இன்னும் கூடும் என்பதால் ஹெல்த்கேர் ஃபண்டில் (மருந்து, மருத்துவத் துறைப் பங்குகளில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்ட்) மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி (மாதாந்தர முதலீடு) போடுகிறேன். அதை 10,000 ஆக்கலாமா?

பதில்: எஸ்.ஐ.பி-யை அப்புறம் பார்ப்போம். அண்ணன் கேட்கும் லோனுக்கு இந்த வாரம் விண்ணப்பிக்காதீர்கள். ஆஸ்பத்திரி என்றதும் பர்சனல் லோன் எடுக்கும் பழக்கம்தான் உங்கள் வீட்டைக் கரைக்கிறது.

நீங்கள் படித்த புள்ளிவிவரம் சரியானதுதான். தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2014-15-ல் 29 சதவிகிதமாக இருந்த அரசின் பங்கு 2021-22-ல் 48 சதவிகிதம் ஆனது. மக்கள் கைக்காசு போட்டுச் செலவழிப்பது 62.6 சதவிகிதத்திலிருந்து 39.4 ஆகக் குறைந்தது. ஆனால், 2021-22 கொரோனா தடுப்பூசி போட்ட ஆண்டு என்பதை மறக்கக் கூடாது. அந்த ஆண்டிலேயே அரசின் மருத்துவச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் (ஜி.டி.பி) 1.84 சதவிகிதம்தான். 2025-க்குள் 2.5 சதவிகிதத்தைத் தொட வேண்டும் என்பது 2017 தேசிய சுகாதாரக் கொள்கையின் இலக்கு.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அதே 2021-22-ல் அரசு செலவழித்தது தலைக்கு 3,169 ரூபாய். 2014-15-ல் இது 1,108 ரூபாய். ஏழு ஆண்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது நல்ல வளர்ச்சிதான். ஆரம்ப சுகாதார நிலையம், பிரசவம், தடுப்பூசி, டாக்டர், நர்ஸ் சம்பளம், மருந்து எல்லாம் அதற்குள்தான். 48% என்பது நாடு முழுமைக்குமான சராசரி. தனியார் ஆஸ்பத்திரி தரும் பில்லில் பாதியை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

பாலிசியை விட்ட முடிவு உங்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது? 3 லட்சம், 15%, 36 மாதம் என்றால் தவணை சுமார் 10,400 ரூபாய். மொத்தம் கட்டுவது 3,74,000-க்கு மேல். வட்டி மட்டுமே 74,000 ரூபாய். பிராசஸிங் கட்டணம் தனி. நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த பிரீமியமோ மூன்று வருடத்துக்கும் சேர்த்து 78,000. வட்டிக்குப் போனதே ஏறக்குறைய அவ்வளவு. அதற்கு மேல் அசல் 3 லட்சமும் உங்கள் தலையில். இன்றைக்கு அதில் சுமார் 2.15 லட்சம் பாக்கி நிற்கிறது. இரண்டாவது லோனும் வந்தால் தவணைக்கு மட்டும் 20,800, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அரசின் பணம் உங்கள் வீட்டுக்கு நேராக வரும் வழி ஒன்று உண்டு. அதை நீங்களும் பார்க்கவில்லை, அண்ணனும் பார்க்கவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். காப்பீடு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அம்மா இருப்பது அண்ணன் கார்டில், வருமானம் ஒரு லட்சத்துக்குள். மூட்டு மாற்று சிகிச்சையும் திட்டத்தில் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். அண்ணன் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போகட்டும். வருமானத்தை உள்ளபடி காட்டுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். முதலில் அட்மிட் ஆகி, அட்வான்ஸ் கட்டிவிட்டு, அப்புறம் கார்டை நீட்டுவார்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். நீங்கள் கட்டிய பணத்தைத் திரும்பத் தர மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் உள்ள திட்டக் கவுன்ட்டரில் முதலில் பேசுங்கள்: முட்டி மாற்று சிகிச்சைக்கு இந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, இரண்டு முட்டிக்கும் ஒப்புதல் ஒன்றா தனித்தனியா? அரசு மருத்துவமனையில் சில வாரம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். டாக்டர் சம்மதித்தால் காத்திருங்கள். 74,000 ரூபாய் வட்டி மிச்சம். எதுவும் நடக்காமல் தனியாருக்கே போக நேர்ந்தால், செயற்கை மூட்டின் பிராண்டையும் விலையையும் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 2017-லிருந்து அதற்கு அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது புது பாலிசி எடுத்தால் முட்டிக்கு உதவாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. பழைய பாலிசியில் சேர்த்த வருடங்கள் அது காலாவதியானதோடு போய்விட்டன. 70 வயது ஆனதும், வருமானம் பாராமல் 5 லட்சம் வரை காப்பீடு தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்ட விரிவாக்கம் (2024 அக்டோபரில் வந்தது) இருக்கிறது, அப்போது பதிந்துகொள்ளுங்கள்.

இனி ஹெல்த்கேர் ஃபண்ட். அரசு அதிகம் செலவழித்தால் மருந்துக் கம்பெனி பங்கு ஏறும் என்ற கணக்கே தப்பு. அரசு மருந்து வாங்குவது டெண்டரில், அடிமாட்டு விலைக்கு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பல வருடங்களாக அப்படித்தான் வாங்குகிறது. நம் பெரிய மருந்துக் கம்பெனிகள் பலவற்றின் லாபம் அமெரிக்கச் சந்தையை நம்பி நிற்கிறது. மாதாமாதம் 15% வட்டி கட்டிக்கொண்டு, ஒரே துறையை நம்பும் ஃபண்டில் பணம் போடுவதில் அர்த்தமே இல்லை. நிறுத்திவிடுங்கள்.

அந்த 5,000 ரூபாயில் உங்களுக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும் 5 லட்சத்துக்கு ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுமைக்கும் ஒரே மருத்துவ பாலிசி) எடுங்கள். கம்பெனி தரும் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி கிடையாது. ரூம் வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள். நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு உள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை வித்தியாசத்தோடு விஷயம் முடியாது. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணத்திலும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும், 1.6 லட்சத்துக்கு ஒரு லட்சம்.

மிச்சத்தை ஆர்.டி-யில் (வங்கியில் மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) ஆஸ்பத்திரிக்கென்றே தனியாக வையுங்கள். அண்ணனிடம் நேராகவே சொல்லுங்கள்: மருந்து, பிசியோதெரபி, போக்குவரத்துக்கு மாதம் இவ்வளவு தருவேன், கையெழுத்துப் போட்டு லோன் எடுக்க மாட்டேன் என்று. கலெக்டர் அலுவலகத்துக்கு நீங்களும் ஒரு நாள் லீவு போட்டு அவரோடு போய் வாருங்கள்.