படம் எடுத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் கல்லூரியின் பழைய ஹெர்பேரியம் தாள்களை, அதாவது உலர்த்திய செடிகளை ஒட்டிச் சேமித்த தாள்களை, பூச்சி அரிக்கிறது. ஸ்கேன் செய்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– தாவரவியல் ஆசிரியை, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: தயவுசெய்து வேண்டாம், அம்மா! காய்ந்த இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம், படத்திலிருந்து முடியாது. முதலில் தாள்களை பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள்; பூச்சிகள் செத்துவிடும். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பாதரசக் குளோரைடு பூசுவார்கள், கொடிய விஷம், கையுறை கட்டாயம்.

அப்புறம் படம். அளவுகோலும் வண்ண அட்டையும் சேர்ந்து விழட்டும். லேபிளை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்யுங்கள். 'பாறை இடுக்கு, பூ வெளிர்நீலம்' என்று ஒருவர் பென்சிலால் கிறுக்கியிருப்பார். காய்ந்த பூவில் அந்த நிறம் இருக்காதே! 'ஷிமோகா' என்றிருந்தால் அப்படியே விடுங்கள். அந்த ஊரின் இன்றைய பெயரான 'சிவமொக்கா'வைத் தனிக் கட்டத்தில் போடலாம். நம்ம ஊர் இந்திய அறிவியல் கழகத்திலேயே ஹெர்பேரியம் இருக்கிறது, அவசியம் போய்ப் பாருங்கள்.